வழிகாட்டி நாயின் தொழில்

நாயைக் குறித்து நம் முன்னோர் பேசிய இடங்களிலெல்லாம் முதன்மையாகப் போற்றப்பட்ட குணம் நன்றியறிதலே ஆகும். சுவர்க்கத்தின் வாயில்வரை தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு உள்ளே புகுவதில்லை என்று தருமபுத்திரர் மறுத்து நின்ற வரலாற்றைக் கேளாமல் வளர்ந்தவர் நம்மில் அரியர். ஒருபிடி சோறிட்டவனின் வாசலை ஆயுள் உள்ளளவும் காத்துக் கிடக்கும் பிராணி என்னும் எண்ணமும், அவ்வெண்ணத்தோடு கலந்த ஒருவகை இரக்கமும், நம் கதைகளிலும் பழமொழிகளிலும் ஊறிக் கிடக்கின்றன. ஆயினும், கண்ணொளி இழந்தவரைத் தெருவில் நடத்திச் செல்லவும், கைகால் வழங்காதவருக்குக் கீழே விழுந்த பொருளை எடுத்துத் தரவும், யுத்தகளத்தினின்று உடலால் மீண்டும் உள்ளத்தால் மீளாத போர்வீரரை நள்ளிரவில் கெட்ட கனவிலிருந்து எழுப்பவும் பழக்கப்படுகிற நாய்களின் சரித்திரத்தை ஆராயப் புகுகிற ஒருவர், நன்றியென்னும் அந்த ஒரு குணத்தைக் கொண்டு அவற்றின் காரியத்தை முற்றும் விளங்கிக்கொள்ள முடியாதென்பதை விரைவிலேயே உணர்வார். அன்பின்றி அக்காரியம் நடவாது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனை நடத்துவது தொழில். நாய் ஒரு தொழிலைக் கற்கிறது. மனிதனும் அதற்கு ஈடான ஒரு தொழிலைக் கற்கிறான். இருவர் தொழிலும் பொருந்துகிற இடத்தில், இழந்த சுதந்திரத்தின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. இதனை மறவாதிருந்தவர்களே இத்துறையில் நிலைத்த காரியங்களைச் செய்தார்கள் என்பது என் துணிபு.

பார்வையற்ற ஒருவர் நாயின் துணைகொண்டு நடப்பது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தால் கி.பி. 79இல் புதையுண்ட ஹெர்குலேனிய நகரத்துச் சுவரோவியம் ஒன்றில், நாயால் நடத்தப்பெறும் பார்வையற்றவரின் உருவம் காணப்படுவதாகச் சொல்லுவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து மன்னனாகிய ஒன்பதாம் லூயி, பாரிஸ் நகரில் பார்வையற்றோர் முந்நூறு பேருக்காக நிறுவிய ஆசிரமத்தில், 1780ஆம் ஆண்டளவில் நாய்களை ஓர் ஒழுங்கோடு பழக்கும் முயற்சி நடைபெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, வியன்னா நகரில் சல்லடை செய்து பிழைத்துவந்த ஜோசப் ரைசிங்கர் என்பவர், தாம் வளர்த்த ஸ்பிட்ஸ் நாயை எவ்வளவு நேர்த்தியாகப் பழக்கியிருந்தாரென்றால், அவர் நடந்து செல்லும் பாங்கைக் கண்ட ஊரார் அவருக்குப் பார்வையில்லை என்பதையே சந்தேகித்தார்களாம். அதே நகரில் 1804இல் பார்வையற்றோர் கல்விச்சாலையைத் தொடங்கிய யோகான் வில்ஹெல்ம் கிளைன், 1819இல் வெளியிட்ட தம் போதனை நூலில், நாயின் உடலோடு விறைப்பான ஒரு கோலைப் பிணைத்து அதனைப் பார்வையற்றவர் கையிற் பற்றிக்கொள்ள வேண்டும் என்று விதித்தார். கயிறு தளர்ந்து தொய்யும். நாயின் மெய்யசைவு கைக்கு எட்டாது. கோல் தொய்வதில்லை, நாய் தயங்கினால் தயக்கமும், விலகினால் விலகலும், நின்றால் நிற்றலும் அக்கணமே உள்ளங்கையில் தெரிந்துவிடும். இன்று உலகெங்கும் வழிகாட்டி நாய்கள் பூணுகிற சேணத்தின் கைப்பிடி, கிளைன் கண்ட இந்தத் தத்துவத்தின்மேல் அமைந்ததே.

இத்தனை தெளிவான நூல் ஒன்று எழுதப்பட்டும், சுமார் நூறாண்டுகள் அது பயன்படாமலே கிடந்தது. காரணத்தை ஆராயுமிடத்து, பார்வையற்றோர் பெரும்பாலும் ஏழைகளாயும் பிறர் ஈகையை நம்பியவர்களாயும் இருந்தார்கள் என்பதும், அவர்களுக்கு அன்னமிடுவது புண்ணியம் என்று எண்ணிய சமூகம் அவர்கள் தாமாக வீதியில் நடமாடுவதைத் தன் கடமையாகக் கருதவில்லை என்பதும் புலனாகின்றன. அந்த எண்ணத்தை மாற்றியது தர்ம சிந்தனையன்று, யுத்தம். முதல் உலக மகாயுத்தத்தில் வெடிகுண்டுச் சிதறல்களாலும், 1915 ஏப்ரலில் ஈப்ரு நகரத்தருகே முதன்முறையாகப் பேரளவில் ஏவப்பட்ட நச்சுப்புகையாலும், திடகாத்திரமுள்ள இளைஞர் பலர் ஒரே நாளில் கண்ணிழந்து வீடு திரும்பினர். அவர்களைக் கண்ணிழக்கச் செய்தது விதியென்று சொல்லி எந்த அரசாங்கமும் ஒதுங்கிவிட இயலாது. தன் ஆணையால் சென்று தன் பொருட்டு ஊனமுற்றவனுக்கு அரசு கடன்பட்டிருந்தது. அந்தக் கடன் உணர்ச்சியிலிருந்தே முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி பிறந்தது.

ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, போர்க்களத்தில் புதர்களிடையே குற்றுயிராய்க் கிடக்கும் வீரரைத் தேடிக் கண்டுபிடிக்கும் நாய்களைப் பழக்கிவந்த சங்கம் ஒன்று இருந்தது. அச்சங்கத்தைச் சார்ந்த டாக்டர் கெர்ஹார்ட் ஸ்டாலிங், ஒருநாள் கண்ணிழந்த வீரர் ஒருவரோடு மருத்துவமனைத் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தபோது அவசர காரியமாக அழைக்கப்படவே, துணைக்குத் தம் நாயை அவரிடம் விட்டுச் சென்றாரென்றும், திரும்பிவந்து பார்க்கையில் அந்த நாய் தானாகவே நோயாளியைக் கவனித்து நடத்திக்கொண்டிருக்கக் கண்டாரென்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. அது நடந்தவாறே சொல்லப்பட்டதோ, சொல்லச் சொல்ல மெருகேறியதோ, 1916 ஆகஸ்டில் ஓல்டன்பர்க்கில் பள்ளி திறக்கப்பட்டது என்பது சரித்திரம். காயமுற்றவரைத் தேடிய நாய்களைப் பழக்கிய கரங்களே இப்போது காயம் ஆறியவரை நடத்தும் நாய்களைப் பழக்கின. விரைவில் பல நகரங்களில் கிளைகள் தோன்றின. ஆண்டுக்கு 600 நாய்கள்வரை அப்பள்ளிகளிலிருந்து வெளிவந்தன என்று குறிக்கப்படுகிறது. 1926இல் அந்நிறுவனம் மூடப்பட்டதாயினும், அதற்கு முன்னரே 1923இல் பெர்லினுக்கு அண்மையிலுள்ள போட்ஸ்டாமில் வேறொரு பெரிய பள்ளி எழுந்திருந்தது. நம் ஊரில் அல்சேஷன் என்று அறியப்படும் ஜெர்மன் ஷெப்பர்டு இனமே அங்கெல்லாம் பெரிதும் பயன்படுத்தப்பட்டது.

இந்த நாய்கள் செய்யும் தொழில்தான் என்ன என்பதைச் சற்று நிதானமாக நோக்குவது அவசியம்; ஏனெனில் இதனைக் குறித்துப் பொதுவாக நிலவும் அபிப்பிராயம் பெரிதும் பிழையானது. சந்தையிலிருந்து திரும்பும் இரவில் வண்டிக்காரன் உறங்கிவிட, மாடுகள் தாமே தடம் அறிந்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது போல, நாய் பார்வையற்றவரை அவர் சேரவேண்டிய இடத்திற்கு அழைத்துப் போய்விடுகிறது என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வழியை அறிந்திருக்க வேண்டியவர் மனிதர். எத்தனையாவது முனையில் திரும்ப வேண்டும், எந்தப் பக்கத்து நடைபாதையில் செல்ல வேண்டும் என்பதையெல்லாம் அவர் தம் மனத்தில் ஒரு வரைபடமாக வைத்துக்கொண்டு, நேரே செல், இடப்புறம் திரும்பு, வலப்புறம் திரும்பு என்று ஆணையிட்டுச் செல்கிறார். சாலையைக் கடக்கும் சமயத்தை நிர்ணயிப்பவரும் அவரே. வாகனங்களின் இரைச்சல் எந்தத் திசையில் ஓய்ந்து எந்தத் திசையில் எழுகிறது என்பதைச் செவியால் அறிந்து அவர் புறப்படச் சொல்கிறார். நாய்க்குச் சிவப்பையும் பச்சையையும் நாம் காண்பதுபோலப் பிரித்துக் காணும் கண்ணமைப்புக் கிடையாது. போக்குவரத்து விளக்கைப் பார்த்து அது நடத்துகிறதென்பது வெறும் கற்பனை. நாயின் பொறுப்பு, ஆணையிட்ட திசையில் தடையின்றிக் கொண்டுசெல்வதும், படிக்கட்டின் விளிம்பிலும் நடைபாதை முடியுமிடத்திலும் நின்று அறிவிப்பதும், குழியையும் கம்பத்தையும் எதிரே வருவோரையும் விலக்கி நடத்துவதுமே.

இவற்றுள் மிகக் கடினமானது எதுவென்று வினவினால், மனிதனுடைய உயரத்தை நாய்க்கு உணர்த்துவதே என்பேன். தாழ்ந்து தொங்கும் மரக்கிளையும், தெருப்பக்கம் திறந்து கிடக்கும் ஜன்னல் கதவும் நாயின் உலகில் தடைகளே அல்ல. அது அவற்றின் கீழே தாராளமாக நுழைந்து சென்றுவிடும். பின்னால் வருபவரின் நெற்றிதான் பிளக்கும். ஒவ்வொரு பிராணியும் தன் புலன்களாலும் தேவைகளாலும் சமைத்துக்கொண்ட தனி உலகமொன்றிலேயே வாழ்கிறது என்ற கொள்கையை நிறுவிய யாக்கோப் வான் யூக்ஸ்குல் என்னும் உயிரியல் அறிஞர், ஹாம்பர்க் நகரில் தம் சகாவான சாரிஸ் என்பவரோடு சேர்ந்து 1930களில் இந்தப் பிரச்சினையை ஆராய்ந்தார். மனிதனின் உயரத்தை ஒத்த ஒரு வண்டியைச் செய்து அதில் நாயைப் பூட்டினார்கள். நாய் எளிதில் நுழைந்துவிடும் இடங்களில் வண்டி முட்டி நின்றது. அந்த அதிர்ச்சி நாயின் உடலில் உறைத்தது. பலமுறை இவ்வாறு நேர்ந்தபின், தனக்குத் தடையல்லாதவற்றையும் தடையென்று கண்டு சுற்றிச் செல்ல நாய் கற்றுக்கொண்டது. பிறிதோர் உயிருக்கு எது இடையூறு என்பதைத் தன் உடலின் அளவைக் கடந்து ஒரு விலங்கு அறிய வருவது எத்தகைய ஆச்சரியம்! மனிதர்க்குள்ளேயே அது எளிதாகக் கைகூடுவதில்லையே.

இன்னொரு பாடமும் உண்டு. புறப்படு என்ற ஆணை பிறந்த சமயத்தில் எதிர்பாராத ஊர்தியொன்று விரைந்து வருமாயின், நாய் அந்த ஆணையை மீற வேண்டும். கீழ்ப்படிதலையே மாதக்கணக்கில் கற்பித்துவிட்டு, எந்த நேரத்தில் கீழ்ப்படியலாகாது என்பதையும் கற்பிப்பது ஆசிரியனுடைய திறமைக்கு ஒரு சோதனை. அவ்வாறு நாய் அசையாது நிற்கும்போது, அதன் மறுப்பை நம்பித் தாமும் நிற்கப் பழகுவது மனிதர் கற்க வேண்டிய பாடம். நாய்ப் பள்ளிகளில் நாய்க்குச் சில மாதங்கள் பயிற்சி தந்தபின், அதனைப் பெறப்போகிறவரையும் வரவழைத்து மூன்று நான்கு வாரங்கள் உடன் தங்கச் செய்து இருவரையும் ஒன்றாகப் பழக்குவது இதன் பொருட்டே.

ஜெர்மனியில் போர்வீரருக்காகத் தோன்றிய இம்முறை உலகப் பொதுவானது ஓர் அமெரிக்கப் பெண்மணியால். டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அவ்வம்மையார், சுவிட்சர்லாந்தில் வெவே நகருக்கு மேலுள்ள மோன் பெலரின் மலைச்சரிவில் ஒரு பண்ணை அமைத்து, காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் ஏற்ற நாய்களை வளர்த்துவந்தார். போட்ஸ்டாம் பள்ளியை நேரிற் கண்ட அவர், தாம் கண்டதை ஒரு கட்டுரையாக வரைய, அது 1927 நவம்பர் 5ஆம் தேதியிட்ட ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ இதழில் வெளிவந்தது. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், ஆறு வயதில் ஒரு கண்ணும் பதினாறு வயதில் மறு கண்ணும் இழந்து, காப்பீட்டு முகவராய்ப் பணியாற்றிவந்த மாரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞருக்கு அவர் தந்தை அதனைப் படித்துக் காட்டினார். வழித்துணைக்குக் கூலிச் சிறுவனை அமர்த்திக்கொண்டு, அவன் வரும் நேரமே தம் நேரமாக வாழ்ந்துவந்த அந்த இளைஞர், தமக்கு அத்தகைய நாயொன்று கிடைத்தால் தம்மைப் போன்ற பிறருக்கும் அந்த வித்தையைக் கொண்டுவருவேன் என்று அம்மையாருக்கு எழுதினார். 1928இல் அவர் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சென்றபோது, தனியே விட அஞ்சி அறைக்குள் பூட்டிவைக்கப்பட்டு, ஒரு சரக்கைப் போலவே ஒப்படைக்கப்பட்டார் என்பதைப் பின்னாளில் அவரே நூலில் எழுதினார். திரும்பி வந்தபோது அவருடைய இடக்கையில் சேணத்தின் பிடி இருந்தது. அதன் மறுமுனையில் பட்டி என்று அவர் பெயர் மாற்றிய பெண்நாய் இருந்தது.

அந்த ஆண்டு ஜூன் 11ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியவரை எதிர்கொண்ட பத்திரிகை நிருபர்கள், வண்டிகளும் லாரிகளும் இடைவிடாது பாயும் வெஸ்ட் தெருவைக் கடந்து காட்டும்படி அறைகூவினார்கள். அவர் கடந்தார். டாரதி அம்மையாருக்கு அவர் அடித்த தந்தியில் இருந்தது வெற்றி என்ற பொருளுடைய ஒரே சொல். 1929 ஜனவரியில் நாஷ்விலில் ‘சீயிங் ஐ’ என்ற பெயரோடு தொடங்கப்பெற்று, பின்னர் நியூஜெர்சி மாநிலத்துக்குப் பெயர்ந்த பள்ளி இன்றளவும் நடந்துவருகிறது. இங்கிலாந்தில் 1931இல் வாலசி என்ற ஊரில், முரியல் குரூக், ரோசமண்ட் பாண்ட் என்ற இரு பெண்மணிகளின் முயற்சியால், ஜூடி, ஃபிளாஷ், ஃபாலி, மெட்டா என்ற நான்கு நாய்கள் பயிற்சி முடித்து ஒப்படைக்கப்பட்டன. அந்நாட்டு வழிகாட்டி நாய்ச் சங்கத்தின் தோற்றுவாய் அதுவே.

சீயிங் ஐ பள்ளியின் ஏற்பாடுகளில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது அதன் கட்டண விதி. ஒரு நாயை வளர்த்துப் பழக்கி ஒப்படைக்க ஆகும் செலவு இன்று பல்லாயிரம் டாலர். அதன் பெரும்பகுதி நன்கொடையால் நிறைவேறுவது. அங்ஙனமிருந்தும், முதல்முறை நாய் பெறுபவர் 150 டாலரும், அடுத்தடுத்த முறை பெறுபவர் 50 டாலரும், போர்வீரராயிருந்தவர் ஒரே ஒரு டாலரும் செலுத்த வேண்டும் என்று 1930களில் வகுத்த விதி இன்றும் உயர்த்தப்படாமல் அப்படியே இருக்கிறது. கையில் ஒருங்கே பணமில்லாதவர் சிறுகச் சிறுகச் செலுத்தலாம். இலவசமாகவே கொடுத்துவிட்டால் பள்ளிக்கு நேரும் நஷ்டம் அற்பம். பெறுபவருக்கு நேரும் நஷ்டமோ பெரிது. தானமாக வந்த நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பவர், தெருவில் காண்பவரெல்லாருக்கும் கடன்பட்டவராக நடக்கிறார். விலை கொடுத்துப் பெற்றவர் தம் உடைமையோடு, தலைநிமிர்ந்து நடக்கிறார். போர்வீரர் செலுத்தும் அந்த ஒரு டாலரின் மதிப்பு அவருடைய கௌரவத்தின் மதிப்பு என்றே நான் கொள்கிறேன்.

நாயைப் பெற்றபின்னும் ஒரு தடை எஞ்சியிருந்தது. உணவு விடுதியிலும் ரயிலிலும் நாய்க்கு இடமில்லை என்று பலகை தொங்கியது. நடக்கும் சுதந்திரத்தைப் பெற்றவர் நுழையும் சுதந்திரத்தைப் பெறவில்லையென்றால், வாசல்வரை சென்று திரும்புவதற்கே அவர் நடந்தவராவார். மாரிஸ் ஃபிராங்க் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை ஊர் ஊராகச் சென்று இந்தக் கதவுகளைத் திறப்பதிலேயே செலவிட்டார். 1935க்குள் அமெரிக்க ரயில்வேக்கள் இணங்கின. 1956க்குள் ஒவ்வொரு மாநிலமும் வழிகாட்டி நாயோடு வருபவரைப் பொது இடங்களில் அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியிருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் மீண்டும் அதே கடனை நினைவூட்டியது. 1944 மே மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ், கண்ணிழந்த முன்னாள் போர்வீரருக்கு அரசாங்கமே வழிகாட்டி நாய்களை வழங்க அதிகாரமளிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே காலத்தில், பென்சில்வேனியாவிலுள்ள வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர், நீண்ட கைத்தடியை இருபுறமும் வீசித் தட்டி நடக்கும் முறையை வகுத்தார் என்பதையும் இங்கே குறிப்பிடுவது நியாயம். பார்வையற்றோரில் நாயை நாடுவோர் எக்காலத்தும் சிறுபான்மையினரே. பெரும்பாலோருக்குத் துணை தடிதான். தடிக்குத் தீனி வேண்டாம், நோய் வராது, மூப்பும் இல்லை. நாயைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு கருவியோடு கூட ஓர் உயிரின் பராமரிப்பையும் ஏற்கிறார். அது எல்லோர்க்கும் உகந்ததன்று.

1975இல் கலிபோர்னியாவின் சாந்தா ரோசா நகரில் போனி பெர்கின் என்ற ஆசிரியை தொடங்கிய நிறுவனத்தால் இத்தொழிலின் எல்லை விரிந்தது. வேறு நாடுகளில் பிரயாணம் செய்தபோது, உடல் ஊனமுற்ற எளியோர் கழுதைகளைத் துணையாகக் கொண்டு சரக்கேற்றி வியாபாரம் செய்து பிழைப்பதைக் கண்ட அவர், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு நாய் ஏன் கைகாலாக உதவக்கூடாது என்று சிந்தித்தார். அனுபவசாலிகள் அது நடவாதென்றார்கள். நடந்தது. கதவைத் திறக்கவும், விளக்கின் பொத்தானை அழுத்தவும், நழுவி விழுந்த சாவியை மடியில் கொண்டுவந்து வைக்கவும் நாய்கள் கற்றன. செவிப்புலன் இழந்தவரைத் தீண்டி, அழைப்பு மணியோ குழந்தையின் அழுகையோ எழும் இடத்துக்கு அழைத்துச் செல்லும் நாய்களும் அதே பத்தாண்டில் தோன்றின. 1990இல் வந்த அமெரிக்க ஊனமுற்றோர் சட்டமும், 2011 மார்ச்சில் அமலுக்கு வந்த அதன் திருத்திய விதிகளும், இந்நாய்களை அவை செய்யும் வேலையைக் கொண்டே வரையறுத்தன. வாசலில் நிற்பவர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: ஊனத்தின் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, என்ன வேலை செய்ய இது பழக்கப்பட்டிருக்கிறது? இருப்பதாலேயே ஆறுதல் தரும் நாய் இந்த வரையறைக்குள் அடங்காது. அன்பைத் தாழ்த்துவதற்காகச் செய்த விதியன்று இது. செல்லப் பிராணிக்குப் பணிநாயின் சட்டையை மாட்டி அழைத்து வருகிறவர்கள் பெருகினால், உண்மையில் தேவையுடையவரின் முகத்துக்கு எதிரே கதவு மறுபடி சாத்தப்படும் என்ற அச்சத்தால் செய்தது.

ஆயினும் இந்தத் தெளிவான கோடு, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் போரிட்டுத் திரும்பியவர்களின் விஷயத்தில் கலங்கத் தொடங்கியது. அவர்களில் பலருக்கு அங்கங்கள் குறைவின்றி இருந்தன. காயம் மனத்தில் இருந்தது. பி.டி.எஸ்.டி. என்று மருத்துவர் குறிக்கும் அந்நோயுடையவர், கூட்டத்தில் நிற்க அஞ்சுவார். முதுகுக்குப் பின் யாரேனும் வந்தால் திடுக்கிடுவார். உறக்கத்தை அஞ்சி விழித்திருப்பார். அவருக்கு நாய் என்ன வேலை செய்யும்? கெட்ட கனவில் புரள்பவரை முகர்ந்து எழுப்பும். கடையில் வரிசையில் நிற்கையில் பின்புறம் நின்று இடைவெளி உண்டாக்கும். மூச்சுத் திணறிக் கலங்கும்போது மடியில் சாய்ந்து கவனத்தைத் திருப்பும். அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2012இல் வகுத்த விதியில், பார்வை, செவிப்புலன், உடலியக்கம் ஆகியவற்றின் குறைகளுக்கு உதவும் நாய்களின் மருத்துவச் செலவை ஏற்றது. மனநோய்க்கான நாய்களுக்குச் சான்று போதாதென்று விலக்கிவிட்டது. வீரர்கள் மனம் புண்பட்டது இயற்கை. ஆனால் நலத்துறை மருத்துவரின் தயக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. வீட்டினுள் புகுமுன் அறைகளைச் சோதித்து வரும்படி நாயைப் பழக்கினால், உள்ளே பகைவன் ஒளிந்திருக்கக்கூடும் என்ற நோயின் எண்ணத்தையே நாள்தோறும் உறுதிப்படுத்துவதாகாதா என்று அவர்கள் கேட்டார்கள்.

காங்கிரசின் கட்டளைப்படி 2011இல் அத்துறை ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. நாய்களின் உடல்நலக் குறைவாலும், சில நாய்கள் கடித்துவிட்டதாலும் அது இடையில் நிறுத்தப்பட்டு, புதிய திட்டத்தோடு அட்லாண்டா, அயோவா சிட்டி, போர்ட்லண்டு ஆகிய மூன்று இடங்களில் மறுபடி நடத்தப்பட்டது. 181 வீரர்களுக்கு நாய்கள் அளிக்கப்பட்டன. அவர்களுள் 97 பேருக்குக் குறித்த வேலைகளுக்குப் பழக்கிய நாயும், 84 பேருக்கு நல்லொழுக்கம் மட்டும் பழகிய ஆறுதல் நாயும் சீட்டுப்போட்டுத் தருவதுபோல் பேதமின்றிப் பகிர்ந்தளிக்கப்பட்டன. 18 மாதங்கள் கவனித்ததில் இரு சாராரிடத்தும் நோய் தணிந்தது. பணிநாய் பெற்றவரிடத்தில் நோய்க்குறிகளை அளக்கும் 80 புள்ளி அளவுகோலில் சுமார் 3.7 புள்ளி கூடுதலாகத் தணிந்தது. தற்கொலை எண்ணங்களும் குறைவாக இருந்தன. அன்றாட வாழ்வை நடத்தும் திறனிலோ இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க பேதம் இல்லை. பிறகு, 2024இல் வெளியான மற்றோர் ஆய்வில், நாய் பெற்ற 81 பேரையும் நாய்க்காகக் காத்திருந்த 75 பேரையும் ஒப்பிட்டபோது, மூன்று மாதத்தின் முடிவில் மருத்துவர் கணிப்பின்படி நோய் நீடிக்கும் சாத்தியம் நாய் பெற்றவரிடத்தில் 66 சதவீதம் குறைந்திருந்தது. இவர்கள் பேதமின்றிப் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதையும், மூன்று மாதம் சிறிய காலம் என்பதையும் நினைவில் வைத்தே அந்த எண்ணை மதிக்க வேண்டும்.

முதல் ஆய்வின் முடிவு, வேலையே பிரதானம் என்ற கொள்கைக்கு மாறாகத் தோன்றலாம். வேலை பழகாத நாயும் ஏறக்குறைய அதே அளவு உதவியதே! நான் அதனை அவ்வாறு கொள்ளவில்லை. எந்த நாயும் தன்னை வைத்திருப்பவருக்கு வேலை கொடுக்கிறது. விடிந்ததும் அதனை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். கதவைத் திறக்கவே அஞ்சியிருந்தவர் கதவைத் திறக்கிறார். நேரத்துக்கு உணவிட வேண்டும்; பகலும் இரவும் ஒன்றாய்க் கிடந்தவருடைய நாளுக்கு ஓர் ஒழுங்கு வருகிறது. வழியில் எவரேனும் நின்று நாயின் பெயரைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், பேச்சற்றிருந்தவர் பேசுகிறார். கண்ணிழந்தவருக்கு நாய் செய்யும் தொழில் முதன்மையானது. மனம் நொந்தவருக்கு அவரே நாய்க்குச் செய்யும் தொழில் அதற்குச் சமமாகப் பயன்படுகிறது என்றே இந்த எண்களைப் படிக்கத் தோன்றுகிறது.

மனிதருடைய நன்மையையே இதுகாறும் பேசினோம். நாயின் கட்சியும் கேட்கத்தக்கது. பிறந்து ஏழெட்டு வாரங்களான குட்டியைத் தொண்டர் குடும்பம் ஒன்று வாங்கிச் சென்று, ஓராண்டுக்கு மேல் தம் வீட்டுப் பிள்ளையாக வளர்த்து, படிக்கட்டும் பேருந்தும் சந்தை இரைச்சலும் பழக்கி, பின்பு மனமறிந்து பள்ளிக்குத் திருப்பி ஒப்படைக்கிறது. அங்கு நுழைந்த எல்லா நாயும் தேறுவதில்லை. அணிலைக் கண்டால் ஓடும் நாயும், இடியோசைக்கு நடுங்கும் நாயும் விலக்கப்பட்டு, நல்ல வீடுகளில் செல்லமாக வாழ அனுப்பப்படுகின்றன. தேறியவை சுமார் எட்டு ஒன்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறுகின்றன. சேணத்தோடு இருக்கும் நாயைத் தொட்டுக் கொஞ்சுவதும் தின்பண்டம் கொடுப்பதும் ஆகாது என்று பள்ளிகள் மன்றாடிக் கேட்டுக்கொள்வதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அது வேலையில் இருக்கிறது. அதன் கவனம் ஒரு நொடி சிதறினால் ஒருவருடைய கால் முறியக்கூடும். வீடு சேர்ந்து சேணத்தைக் கழற்றிய பின் அதுவும் மற்ற நாய்களைப் போலப் புரண்டு விளையாடும்.

2021 ஆகஸ்ட் 25ஆம் தேதி அமெரிக்காவில் கையொப்பமான ஒரு சட்டம், இந்த வரலாற்றில் புதியதொரு திருப்பத்தைக் கொணர்ந்தது. அதன்படி நலத்துறையின் ஐந்து மருத்துவ நிலையங்களில், ஐந்தாண்டுக் காலச் சோதனைத் திட்டமாக, பி.டி.எஸ்.டி. நோயுற்ற வீரர்களே பணிநாய்களைப் பழக்கத் தொடங்கினார்கள். பழக்குவதே அவர்களுக்குச் சிகிச்சை. ஆசிரியனுடைய குரலில் மகிழ்ச்சி தொனித்தாலன்றி நாய்க்குட்டி தான் செய்தது சரியென்று அறியாது. ஆகையால் பல மாதங்களாகத் தம் மக்களிடத்தும் மலர்ந்து பேசமுடியாதிருந்தவர், குட்டியின் பொருட்டுக் குரலை மலர்த்திப் பாராட்டியாக வேண்டும். அது ஓசையைக் கேட்டு நடுங்கலாகாது என்றால், கற்பிப்பவர் முதலில் நடுங்காதிருக்க வேண்டும். பழக்கி முடித்த நாயை, மருத்துவரின் யோசனையோடு அவ்வீரரே ஏற்றுக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது. மற்றபடி அது வேறொருவருக்குத் துணையாகச் செல்ல, அவர் அடுத்த நாயைப் பழக்கத் தொடங்கலாம்.